கடல் முள்ளெலி முட்டை விடவில்லையா? பழுது எங்கே என்று பார்க்கும் வழி

கருவுறுதலை மாணவர்கள் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டுமென்றால், கடல் முள்ளெலியைவிட நல்ல உயிர் எனக்குத் தெரிந்து இல்லை. உருண்டை ஓடு முழுக்க முட்களோடு கடலடியில் வாழும் உயிர் அது, வாய் அடிப்புறத்தில் இருக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி. முட்டையும் விந்தும் கடல்நீரில்தான் சேர்கின்றன. சேர்ந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் முட்டையைச் சுற்றி ஒரு சவ்வு எழும்பி நிற்பதைச் சாதாரண நுண்ணோக்கியிலேயே காணலாம். நம் கடலில் கிடைக்கும் சல்மாசிஸ் பைகலர் என்ற இனத்தின் இளம்பருவ வளர்ச்சியை ஆர். கோபால ஐயர் 1935இல் எழுதி வெளியிட்டார். சென்னைத் துறைமுகத்தின் கற்களில் ஒட்டி வாழும் கறுப்பு முள்ளெலியான ஸ்டோமோப்நியூஸ்டஸ் வேரியோலாரிஸின் இனப்பெருக்கத்தைக் கீஸ், கிருஷ்ணசாமி, வாசு, லாரன்ஸ் ஆகிய நால்வர் ஆராய்ந்து 1964இல் வெளியிட்டார்கள். வடசென்னைக் கடலுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

தண்டையார்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் இந்தச் செய்முறைக்கு ஆயத்தம் செய்வது நெடுங்காலமாக என் வேலை. மற்றக் கல்லூரிகளில் இதே வேலையைச் செய்பவர்கள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகளைத்தான் அறிகுறிவாரியாக இங்கே எழுதியிருக்கிறேன்.

சரியாக நடந்தால் எப்படி இருக்கும்

0.5 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலை, வாயைச் சுற்றியுள்ள மென்தோல் வழியாக உடற்குழிக்குள் செலுத்துகிறோம். ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள முள்ளெலிக்கு ஒரு மில்லிலிட்டர் போதும். அதையும் இரண்டு இடங்களில் பிரித்துப் போடுவது நல்லது. மெல்லக் குலுக்கிவிட்டு, கடல்நீர் விளிம்புவரை நிறைந்த சிறு பீக்கரின் மேல் தலைகீழாகக் கவிழ்க்கிறோம். சில நிமிடங்களில் உச்சியிலுள்ள ஐந்து துளைகளிலிருந்து ஒழுகத் தொடங்கும். பால் போல வெள்ளையாக வந்தால் ஆண். வெளிர் மஞ்சளிலோ ஆரஞ்சிலோ ரவை போல மணல்மணலாக இறங்கினால் பெண். வெளித்தோற்றத்தை வைத்து ஆண் பெண் சொல்ல முடியாது. ஆகவே ஒரு வகுப்புக்கு எட்டுப் பத்து உயிர்களாவது வேண்டும்.

ஊசி போட்டு இருபது நிமிடம் ஆகியும் ஒன்றும் வரவில்லை

எல்லோரும் முதலில் கரைசலைத்தான் சந்தேகிக்கிறார்கள். சந்தேகத்தை உடனே தீர்த்துவிடலாம். 100 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் 3.73 கிராம் பொட்டாசியம் குளோரைடு இருக்க வேண்டும். எடை சரியா, எடுத்த புட்டி பொட்டாசியம்தானா, பக்கத்திலிருந்த சோடியம் குளோரைடா என்று பாருங்கள். அடுத்து ஊசி. வாயின் நடுவே இருக்கும் பல்லமைப்பைக் குத்தினால் கரைசல் உள்ளே போகாது. அதை ஒட்டினாற்போல், மென்தோலில் சாய்வாகக் குத்த வேண்டும். கரைசல் சரியாகச் சேர்ந்தால் முட்கள் உடனே சிலிர்த்து அசையும்.

இவை இரண்டும் சரியென்றால் புதிய கரைசல் தயாரிப்பதில் நேரத்தை விடாதீர்கள். ஒரு முள்ளெலியைத் திறந்து பாருங்கள். என் அனுபவத்தில் பழுது பெரும்பாலும் புட்டியில் இருப்பதில்லை, உயிர் அன்றைக்கு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பொட்டாசியம் குளோரைடு, முட்டையோ விந்தோ உண்டாகும் இனச்செல் சுரப்பியின் சுவரிலுள்ள தசையைச் சுருங்க வைக்கிறது, அவ்வளவுதான். பழுத்திருப்பது வெளியே வரும். பழுக்காததை அது பழுக்க வைக்காது. இதைப் புரிந்துகொள்ளாமல் ஊசிக்கு மேல் ஊசி போட்டுப் பத்து உயிர்களைக் கொன்ற வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

திறப்பது எளிது. கூர்மையான கத்தரிக்கோலால் ஓட்டின் இடுப்பைச் சுற்றி வெட்டி, மேல்பாதியைத் தூக்கித் திருப்புங்கள். அதன் உட்புறத்தில் சாத்துக்குடிச் சுளை போல ஐந்து சுரப்பிகள் தொங்கும். மூன்று விதமாக இருக்கலாம்.

சுளைகள் நூலாக, பழுப்பாக, ஓட்டோடு ஒட்டிக் கிடந்தால் அந்த உயிர் ஏற்கெனவே முட்டையையோ விந்தையோ விட்டுவிட்டது, அல்லது அடுத்த சுற்றை இன்னும் தொடங்கவில்லை. அன்றைக்கு அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

சுளைகள் கொழுகொழுவென்று இருந்து, முனையைக் கத்தரித்தால் பாலோ மணியோ தானாக வழிந்தால் பழுத்திருக்கிறது. அப்படியும் ஊசிக்கு வரவில்லையென்றால் கரைசலையும் ஊசி போட்ட இடத்தையும் மறுபடி பாருங்கள்.

ஏமாற்றுவது மூன்றாவது நிலை. சுளை பருத்திருக்கும், ஓட்டை நிறைத்திருக்கும். கத்தரித்தாலோ சதைத்துண்டு போல அப்படியே நிற்கும், எதுவும் வழியாது. முள்ளெலியின் சுரப்பி இனச்செல் உண்டாகும் இடம் மட்டுமல்ல, உணவுச் சேமிப்புக் கிடங்கும்கூட. நல்ல தீனி கிடைக்கும் காலத்தில் சுரப்பியிலுள்ள ஊட்டச் செல்கள் புரதத்தையும் கிளைக்கோஜனையும் நிரப்பிக்கொண்டு பருக்கின்றன. பிறகு, முட்டையும் விந்தும் வளர வளர, அந்தச் சேமிப்பு கரைந்து இவற்றுக்குப் போகிறது. ஆகவே சுரப்பி பெரிதாக இருப்பதற்கும் பழுத்திருப்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. சுரப்பியின் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்கி ஒரு குறியீடு எடுப்பார்கள். ஓர் ஆண்டு அந்த எண் ஏறியிருந்ததை மட்டும் பார்த்து, "அடுத்த வாரம் வகுப்பு வைக்கலாம் சார்" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அறுபது மாணவர்கள் வெறும் பீக்கரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து எடையோடு ஒரு துளிச் சோதனையும் செய்கிறேன். சுரப்பியில் ஒரு கடுகளவு கிள்ளி, கடல்நீர்த் துளியில் நசுக்கி, நுண்ணோக்கியில் பார்ப்பேன். ஒரே அளவான வட்ட முட்டைகள் தனித்தனியாகச் சிதறி நின்றால் சரி. சிறிதும் பெரிதுமாக, சதையோடு ஒட்டிய முட்டைகள் நின்றால் காத்திருக்க வேண்டும்.

எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார்கள். வெளிநாட்டுப் பாடநூலின் மாதத்தை இங்கே பெயர்த்து வைக்காதீர்கள். கலிபோர்னியாவின் ஊதா முள்ளெலி குளிர்காலத்தில் பழுக்கிறது. அங்கே பகல் குறைவதுதான் அதற்குக் கடிகாரம். ஆய்வகத் தொட்டியில் விளக்கு வெளிச்சத்தை ஆறு மாதம் தள்ளி வைத்தபோது அதன் பருவமும் ஆறு மாதம் தள்ளிப் போனதை நிரூபித்திருக்கிறார்கள். சென்னை இருப்பதோ 13 பாகை வட அகலாங்கில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வேறுபாடு. பகல் நீளம் இங்கே அவ்வளவு உரத்த குரலில் பேசுவதில்லை. வெப்பக் கடலின் முள்ளெலிகளில் பல இனங்கள் ஆண்டின் பெரும்பகுதியில் கொஞ்சம் கொஞ்சமாக முட்டை விடுகின்றன. தீனி, வெப்பம், மழைக்காலத்தில் சரியும் உப்பளவு எல்லாம் கணக்கில் வருகின்றன. ஒரே கல்லில் ஒரே நாளில் எடுத்த இரண்டு உயிர்கள் வெவ்வேறு நிலையில் இருப்பதும் உண்டு.

குளிர்க் கடலின் பச்சை முள்ளெலிக்கு வேறொரு தூண்டுதல் இருக்கிறது. வசந்தத்தில் நீரில் நுண்பாசி பெருகும்போது அதை உணர்ந்து விந்தையும் முட்டையையும் விடுகிறது. பிறக்கப்போகும் லார்வாவுக்கு, அதாவது நீந்தித் திரியும் இளம்பருவத்துக்கு, உணவு தயாராகிவிட்டது என்ற செய்தி அது. டயடீமா என்ற நீண்ட முள் இனம் நிலவைப் பார்த்து நடக்கிறது. சூயஸில் அது முழுநிலாவை ஒட்டி முட்டை விடுவதை 1920களில் மன்ரோ ஃபாக்ஸ் பதிவு செய்தார். நண்டின் சதைப்பிடிப்பை நிலாவோடு சேர்த்துப் பேசும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் யாரும் வியப்படைவதில்லை. ஆனால் எல்லா முள்ளெலிக்கும் நிலாக்கணக்கு பொருந்தாது. பௌர்ணமியை மட்டும் நம்பி வகுப்புத் தேதி குறிக்க வேண்டாம்.

ஆகவே என் வழி இதுதான்: வகுப்புக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று உயிர்களைத் திறந்து பார்த்து, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைப்பது. மூன்று நான்கு ஆண்டு நோட்டு சேர்ந்தால் உங்கள் கடற்கரைக்கு உங்களிடமே ஒரு நாட்காட்டி இருக்கும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும். மடிவலையில் சிக்கி வரும் சல்மாசிஸ் அந்த 61 நாளும் கிடைப்பது கடினம். அப்போது திருவொற்றியூரில், கடலரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிய தூண்டில் வளைவுகளில் கறுப்பு முள்ளெலியைத்தான் தேட வேண்டும். அது கல்லின் குழிக்குள் முட்களை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இழுத்துப் பிடுங்கினால் மென்தோல் கிழிந்துவிடும். நீர் வற்றும் நேரத்தில், கடலை அறிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

கொண்டுவரும் வழியிலேயே வாளி நீர் பாலாகிவிட்டது

பழுத்த உயிர்தான், ஆனால் வகுப்புக்கு முன்பே விட்டுவிட்டது. சூடு, குலுக்கல், காற்றுப் போதாமை எல்லாம் இதற்குக் காரணம். ஒன்று விட்டால் போதும், நீரில் கலந்த அதன் விந்து மற்றவற்றையும் தூண்டும். கடலில் இது அவற்றுக்கு அவசியம். அருகருகே இருப்பவை ஒரே நேரத்தில் விட்டால்தான் அவ்வளவு பெரிய நீரில் விந்து முட்டையைச் சேரும். கரீபியன் கடலில் 1983-84இல் நோய் வந்து டயடீமா முள்ளெலிகள் பெருமளவில் மடிந்தபின், மிஞ்சியவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்ததும் அவை மீளத் தாமதமானதற்கு ஒரு காரணம். கடலில் அவற்றைக் காப்பாற்றும் அதே குணம் நம் வாளியில் நம்மைக் கெடுக்கிறது.

ஆகவே வாளியில் நீர் ஊற்றி எல்லாவற்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். கடல்நீரில் நனைத்த செய்தித்தாளில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்குங்கள். பனிக்கட்டியை நேராகப் படவிடாமல், துணியில் சுற்றி மூலையில் வையுங்கள். ஓரிரு மணி நேரப் பயணத்தை இப்படி நன்றாகத் தாங்கும். ஏலக்கூடத்தில் மீன் பிரிக்கும் அக்கா ஒருவரிடம் முதல்முறை இதைச் சொன்னபோது, "தண்ணீர் இல்லாமல் செத்துப்போகாதா தம்பி?" என்று கேட்டார். மறுவாரம் எனக்காக எடுத்து வைத்தவற்றை அவரே ஈரச் சாக்கில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருந்தார். அந்த ஆண்டு ஒன்றுகூட வழியில் விடவில்லை.

வெள்ளையும் மஞ்சளும் இல்லாமல் செம்பழுப்பு நீர் வருகிறது

அது உடற்குழி நீர். ஊசி போட்ட இடத்திலிருந்து கசிகிறது. அதில் சிவப்பு நிறச் செல்கள் இருப்பதால் அந்த நிறம். சற்று நேரத்தில் நூல்நூலாக உறையும். பீக்கரில் கலந்தால் கருவுறுதலைத் தடுக்கும். பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு வேறு பீக்கருக்கு மாற்றுங்கள். முட்கள் சாய்ந்து உதிரத் தொடங்கியிருந்தால் அது சாகும் உயிர். அதன் முட்டையைப் பயன்படுத்த வேண்டாம்.

முட்டை வந்தது, ஆனால் உள்ளே பெரிய வெளிர் வட்டம் தெரிகிறது

முதிராத முட்டை. கடல் முள்ளெலியின் முட்டை, குரோமோசோம்களைப் பாதியாக்கும் குன்றல் பிரிவின் இரண்டு கட்டங்களையும் உடலுக்குள்ளேயே முடித்துவிட்டுத்தான் வெளியே வரும். நட்சத்திர மீன் அப்படியல்ல. முதிர்ந்த முள்ளெலி முட்டையில் உட்கரு மிகச் சிறியது, தேடித்தான் பார்க்க வேண்டும். பெரிய வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் பளிச்சென்று தெரிந்தால் பிரிவு இன்னும் தொடங்கவில்லை. அதில் விந்தைச் சேர்த்துப் பயனில்லை. நூறு முட்டையில் பத்துப் பன்னிரண்டு இப்படி இருந்தால் வகுப்பை நடத்தலாம். பாதிக்கு மேல் என்றால் வேறு பெண்ணைப் பாருங்கள்.

விந்து சேர்த்தும் சவ்வு எழவில்லை

முட்டை நன்றாக இருக்கிறது, நேரமும் ஐந்து நிமிடம் தாண்டிவிட்டது. இப்போது ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

முதலில் விந்து. ஒரு துளியைக் கடல்நீரில் கலந்து உடனே நுண்ணோக்கியில் பாருங்கள். கொதிப்பது போல ஓட்டம் தெரிய வேண்டும். சுரப்பியிலிருந்து வரும் கெட்டி விந்து அசைவதில்லை. நீரில் கலந்தபின்தான் விழித்து ஓடும், ஓடத் தொடங்கியதும் தன் சேமிப்பைச் செலவழித்துவிடும். இதை மறந்து, காலையிலேயே விந்தை நீரில் கரைத்து வைத்துவிட்டுப் பிற்பகல் வகுப்புக்கு எடுத்தால் அது செத்த விந்து. ஆண் என்று தெரிந்ததும் பீக்கரிலிருந்து எடுத்து, உலர்ந்த தட்டின் மேல் கவிழ்த்துக் கெட்டியாகவே சேகரியுங்கள். மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் அன்று முழுவதும் தாங்கும். சேர்க்கும் நேரத்தில் மட்டும் ஒரு துளிக்குப் பத்து மில்லிலிட்டர் கடல்நீர் கலந்து, பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

விந்து ஓடுகிறது, ஆனாலும் சவ்வு இல்லை என்றால் நீரைப் பாருங்கள். சமையல் உப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகாது. கால்சியம் இல்லாத நீரில் விந்தின் தலை முட்டையைத் துளைக்கும் வினையே நடக்காது. முட்டையைக் கழுவ யாராவது குழாய் நீரை எடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

அடுத்தது பாத்திரம். எங்கள் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டு தொடர்ந்து ஒரே மேசையில் மட்டும் சவ்வு எழவில்லை. அதே முட்டை, அதே விந்து, அதே நீர். மற்ற ஐந்து மேசைகளிலும் எழுந்தது. கடைசியில் அந்த மேசையின் துளிசொட்டியின் ரப்பர் குமிழை மூக்கருகே வைத்து முகர்ந்தேன். ஃபார்மலின் வாடை. பதப்படுத்திய மாதிரிகளுக்குப் பயன்படுத்திய துளிசொட்டியைக் கழுவி இங்கே போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் போன வாடை ரப்பரில் தங்கிவிட்டது. அன்றே ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கி, "கடல்நீர் மட்டும்" என்று மை அழியாதபடி எழுதி, இந்தச் செய்முறைக்கான பாத்திரங்களை அதில் தனியாகப் பிரித்து வைத்தேன். அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவுவதில்லை, ஃபார்மலின் அலமாரி இருக்கும் அறைக்குள்ளும் கொண்டுபோவதில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இந்தக் கூடையை வாங்குங்கள்.

சவ்வு எழுந்தது, ஆனால் முதல் பிளவிலேயே மூன்றாக நான்காகப் பிரிகிறது

விந்து மிகையாகிவிட்டது. முதல் விந்து நுழைந்த ஒரு சில நொடிகளில் முட்டையின் மேற்பரப்பு மின்னழுத்தம் மாறி மற்றவற்றைத் தடுக்கிறது. பிறகு சவ்வு எழுந்து நிரந்தரமாக அடைக்கிறது. விந்து வெள்ளமாக வந்தால் இந்த இரண்டு காவலையும் தாண்டி இன்னொன்று நுழைந்துவிடும். இரண்டு விந்து நுழைந்த முட்டையில் குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டு வளர்ச்சி சிதையும். தியோடர் போவெரி 1902இல் இப்படிப்பட்ட முள்ளெலி முட்டைகளை வைத்துத்தான், குரோமோசோம்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு பண்பைச் சுமக்கின்றன என்று காட்டினார். ஆகவே கெட்டுப்போன அந்தத் தட்டைக் கொட்டிவிடாமல், மாணவர்களுக்குக் காட்டிவிட்டுக் கொட்டுங்கள். அடுத்த தட்டுக்கு விந்தைப் பத்து மடங்கு நீர்த்துச் சேருங்கள்.

விந்து சேர்க்காத தட்டிலும் சவ்வு எழுந்திருக்கிறது

துளிசொட்டி மாறிவிட்டது, அல்லது ஆணைத் தொட்ட கையோடு பெண்ணைத் தொட்டிருக்கிறார்கள். பெண்ணின் ஓட்டைக் கடல்நீரில் அலசிவிட்டுக் கவிழ்க்க வேண்டும். விந்து சேர்க்காத தட்டு ஒன்று ஒவ்வொரு மேசையிலும் கட்டாயம் இருக்கட்டும். அது இல்லையென்றால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிந்தது. மறுநாள் நீந்துவது ஒன்றும் இல்லை

நம் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முதல் பிளவு வந்துவிடும். மறுநாள் காலை, நுண்மயிர் போன்ற குற்றிழைகளை அடித்துச் சுழலும் உருண்டைகளையோ அதற்கு அடுத்த நிலையையோ பார்க்க வேண்டும். அடியில் மாவாகப் படிந்து கிடந்தால் மூன்று காரணங்களைத் தேடுங்கள்.

நெருக்கடி முதலாவது. முட்டைகள் தட்டின் அடியில் ஓரடுக்காக, இடைவெளியோடு நிற்க வேண்டும். குவியலாகப் போட்டால் மூச்சுத் திணறும், கெட்டுப்போனவை மற்றவற்றையும் கெடுக்கும்.

சூடு இரண்டாவது. கல்லூரி பூட்டிய பிறகு மின்விசிறி நின்றுபோன அறையில் நீர் எவ்வளவு சூடாகும் என்பதை யாரும் அளப்பதில்லை. நான் 30 டிகிரிக்கு மேல் விடுவதில்லை. குளிர்சாதனம் தேவையில்லை. அகன்ற மண்தொட்டியில் ஈர மணலைப் பரப்பி, பீக்கர்களைக் கழுத்தளவு புதைத்து, மேலே நனைந்த துணியைப் போர்த்தினால் போதும். இரவுக் காவலரிடம் சொல்லி ஒருமுறை மணலில் நீர் தெளிக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு மட்டும் இந்த உத்தி உதவாது, காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்.

மூன்றாவது நீரே. முள்ளெலிக் கரு செம்பு, அம்மோனியா போன்றவற்றுக்கு மிக எளிதில் சிதையும். அதனால்தான் கடல்நீரின் நச்சை அளக்கவே உலகெங்கும் இந்தக் கருவைப் பயன்படுத்துகிறார்கள். வளர்ந்த முள்ளெலி உயிரோடிருக்கும் நீரிலும் அதன் கரு செத்துப்போகும். எண்ணூரில் கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்திலோ, கழிவுநீர் இறங்கும் கரையிலோ குடத்தை முக்கி எடுத்து வந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை அந்தக் குப்பங்களின் வலைகளிலும் படகுகளிலும் கண்ணால் பார்த்தோம். அங்கே பிழைப்பவர்கள் இழந்தது எங்கள் செய்முறையைவிட எவ்வளவோ பெரிது. முட்டைக்கும் லார்வாவுக்கும் அதுவே கடல் என்பதையும் சேர்த்து நினைக்கிறேன். கடலுக்குள் தூரம் போய்த் திரும்பும் படகுக்காரரிடம் கேன் கொடுத்து, ஆழ்நீரில் நிரப்பி வரச் சொல்லுங்கள். ஓரிரவு தெளியவைத்து வடிகட்டுங்கள். வாடைக்காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடக்கிலிருந்து ஆற்றுநீர் கலந்த நீரோட்டம் இறங்கி உப்பளவு குறையும். ஆயிரத்துக்கு 30க்குக் கீழே போனால் அந்த நீரை வைத்துத் தொடங்க வேண்டாம். முள்ளெலியால் தன் உடலின் உப்பைச் சரிசெய்துகொள்ள முடியாது.

லார்வா இரண்டு நாள் நன்றாக நீந்தியது, பிறகு மெலிந்துகொண்டே போகிறது

பசி. கூம்பு போன்ற உடலும் நீண்ட கைகளுமாக நிற்கும் புளூட்டியஸ் லார்வா, முட்டையிலிருந்த சத்து தீர்ந்ததும் தானே தின்னத் தொடங்கிவிடுகிறது. அதற்கு வாய், வயிறு, குடல் எல்லாம் வந்துவிட்டன. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வளர்க்கும் கீட்டோசெரஸ் என்ற நுண்பாசியை ஒரு புட்டி கேட்டு வாங்கி, நீர் நிறம் மாறாத அளவுக்குத் துளித்துளியாகச் சேருங்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். கண்ணாடி போன்ற உடலின் நடுவே வயிறு மட்டும் பொன்பழுப்பாகத் தெரிந்தால் தின்றிருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதி நீரை மாற்றுங்கள்.